எய்டு: உதவியா, துணையா, உடந்தையா?

ஆங்கிலத்தில் 'எய்டு' என வழங்கும் சொல்லைத் தமிழில் பெரும்பாலும் 'உதவி' என்றே பெயர்க்கிறோம். முதலுதவி, சட்ட உதவி, அரசு உதவி பெறும் பள்ளி ஆகியவற்றில் அது குறையின்றிப் பொருந்துகிறது. ஆனால் எல்லா இடங்களிலும் அதையே எழுதினால் பொருள் பிறழும்.

உதவுதலைக் குறிக்கும் இலத்தீன் வினையான 'யுவாரே', 'அட்' என்ற முன்னொட்டுடன் சேர்ந்து 'அட்யுவாரே' ஆயிற்று. அதன் வழிவந்த 'அட்யுதாரே' பழைய பிரெஞ்சில் திரிந்து, பின்னர் ஆங்கிலத்தை அடைந்தது. படைத்தலைவருக்குத் துணைநிற்கும் அதிகாரியான 'அட்ஜுடன்ட்' என்பதும் இவ்வேரினதே. எய்ட்ஸ் நோயின் பெயரோ வெறும் முதலெழுத்துச் சுருக்கம். இதற்கும் அதற்கும் உறவில்லை.

இடைக்கால இங்கிலாந்தில் இச்சொல் ஒரு வரியின் பெயராகவும் இருந்தது. பகைவரிடம் சிறைப்பட்ட பிரபுவை மீட்கவும், அவருடைய மூத்த மகனுக்கு வீரப்பட்டம் சூட்டவும், மூத்த மகளுக்கு மணம் முடிக்கவும் அவரிடம் நிலம் பெற்றவர்கள் பணம் செலுத்த வேண்டியிருந்தது. மன்னர் இம்மூன்றுக்கும் அப்பால் நாட்டின் பொது ஒப்புதலின்றி இதைத் தண்டக்கூடாது என்று 1215ஆம் ஆண்டின் மாக்னா கார்ட்டா என்ற உரிமைச் சாசனம் தடுத்தது. இதை 'உதவி' என்று எழுதினால் வாசகர் விரும்பிக் கொடுத்ததாகவே எண்ணுவார். 'உதவி வரி' எனல் தகும்.

குற்றவியலில் வேறொரு சிக்கல். 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம், 107ஆம் பிரிவில், குற்றச்செயலைத் தூண்டுவதோடு அதற்கு வேண்டுமென்றே உதவுவதையும் சேர்த்துச் சொன்னது. தமிழ் வழக்கில் அதற்கு 'உடந்தை' என்ற கூர்மையான சொல் உண்டு. அதை விட்டு 'உதவி' என்பது குற்றத்தின் கடுமையைக் குறைத்துவிடும்.

கருவியைச் சுட்டும்போது 'துணைக்கருவி' நன்று: கற்பித்தல் துணைக்கருவி என்கிறோம். செவித்திறன் குறைந்தோர் அணிவதற்குக் 'காதொலிக் கருவி' என்ற பெயர் உதவி என்ற சொல்லையே நாடாமல் தெளிவாக நிற்கிறது. 'துணை' என்பதற்கு அளவு என்ற பொருளும் உண்டென்பதை, 'தினைத்துணை நன்றி செயினும்' என்ற குறள் காட்டும்.

நாடுகளுக்கிடையிலான பண உதவியில், திருப்பிச் செலுத்த வேண்டியதும் வேண்டாததும் ஆங்கிலத்தில் இவ்வொரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றன. முன்னதைக் 'கடனுதவி' என்றும், பின்னதை 'மானியம்' அல்லது 'நன்கொடை' என்றும் பிரித்து எழுதுவதே முறை.