ஊதா மூடிக் குழாயும் ஓ.ஜே. சிம்ப்சன் வழக்கும்

டிஎன்ஏ பொருந்தியும், இரட்டைக் கொலை வழக்கில் முன்னாள் அமெரிக்கக் கால்பந்து வீரர் ஓ.ஜே. சிம்ப்சன் எப்படி விடுதலையானார்? 1994 ஜூன் 12 இரவு லாஸ் ஏஞ்சலஸின் பிரென்ட்வுட் பகுதியில் அவருடைய முன்னாள் மனைவி நிக்கோல் பிரவுனும் நிக்கோலின் நண்பர் ரொனால்ட் கோல்ட்மேனும் கொல்லப்பட்டார்கள். கொலை நடந்த இடத்தில் கிடைத்த ரத்தத் துளிகள் சிம்ப்சனுடையவை என்று ஆய்வகங்கள் சொல்லின. ஆனாலும் 1995 அக்டோபர் 3 அன்று ஜூரி 'குற்றவாளி அல்ல' என்றது. பலர் நினைவில் நிற்பது, நீதிமன்றத்தில் மாட்டிப் பார்த்தபோது சிம்ப்சன் கையில் ஏறாத தோல் கையுறைதான். ரத்தத்தில் நனைந்து காய்ந்த தோல் சுருங்கியிருக்கும், அதுவும் ரப்பர் கையுறைக்கு மேல் மாட்டச் சொன்னார்கள். அதில் பெரிய அறிவியல் இல்லை. சுவையான விஷயம் ஒரு சின்னக் குழாய்க்குள் இருக்கிறது.

டெங்கு காய்ச்சலில் தட்டணு எண்ணிக்கை பார்க்க ரத்தம் எடுத்திருந்தால் நீங்களும் அதைப் பார்த்திருப்பீர்கள்: ஊதா மூடி போட்ட குழாய். உள்ளே ஒரு மில்லிலிட்டர் ரத்தத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு மில்லிகிராம் வரை ஈடிடிஏ என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் வேதிப்பொருள் பூசியிருக்கும். ரத்தம் உறைய கால்சியம் வேண்டும். உறையவைக்கும் புரதங்கள் தட்டணுவின் மேற்பரப்பில் ஒட்டிக்கொள்ள கால்சியம் அயனிதான் பாலம். ஈடிடிஏ மூலக்கூறு ஆறு இடங்களில் அந்த அயனியைப் பிடித்துக்கொள்ளும், நண்டு ஒன்று இரையை எல்லாக் காலாலும் அணைத்துக்கொள்வதுபோல. பாலம் போனால் உறைதலும் போச்சு.

அது மக்னீசியத்தையும் விடாது. டிஎன்ஏவை அறுக்கும் நொதிகள் பலவற்றுக்கு மக்னீசியம் இல்லாமல் வேலை ஓடாது. ஆகவே ஊதாக் குழாய் ரத்தத்தில் டிஎன்ஏவும் கெடாமல் நிற்கும். வழக்கின் முடிச்சு இங்கேதான் விழுந்தது.

ஜூன் 13 அன்று சிம்ப்சனிடம் எடுத்த ரத்தக் குழாயை, துப்பறியும் அதிகாரி ஃபிலிப் வனாட்டர் உடனே பதிவு செய்து ஒப்படைக்கவில்லை. தன்னோடு சிம்ப்சன் வீட்டுக்கு எடுத்துப்போய், அங்கிருந்த தடயவியலாளரிடம் கொடுத்தார். எடுத்தது சுமார் 8 மில்லிலிட்டர், கணக்கில் வருவது 6.5 தான், மீதி 1.5 எங்கே என்று சிம்ப்சனுக்காக வாதாடிய எதிர்த்தரப்பு கேட்டது. கொலை நடந்த நிக்கோல் வீட்டின் பின்வாசல் கேட்டில் இருந்த ரத்தக் கறையைச் சேகரித்ததோ ஜூலை 3 அன்று! மூன்று வாரம் வெயிலில் கிடந்த அந்தக் கறையில், முதல் நாளே எடுத்த துளிகளைவிட டிஎன்ஏ நன்றாக இருந்தது. குழாயிலிருந்து தெளித்த ரத்தம்தான் இப்படி இருக்கும் என்று எதிர்த்தரப்பு வாதிட்டது.

இதற்கு எளிய விளக்கம் உண்டு. கேட்டின் கறை அங்கேயே காய்ந்துவிட்டது. காய்ந்த ரத்தத்தில் நுண்ணுயிர்கள் பெருகாது. முதல் நாள் துளிகளையோ ஈரப் பருத்தித் துணியில் ஒற்றி, பிளாஸ்டிக் பைகளில் போட்டு, ஜூன் வெக்கையில் வண்டியில் மணிக்கணக்கில் வைத்திருந்தார்கள். ஈரமும் சூடும் சேர்ந்தால் டிஎன்ஏ துண்டு துண்டாகும். காகித உறையில் காயவைத்து எடுத்திருந்தால் இந்தக் கேள்வியே எழுந்திருக்காது. (கோடி ரூபாய் இயந்திரத்துக்கு நிதி ஒதுக்கும் அரசுகள் காகித உறைக்கும் குளிர்பெட்டிக்கும் பயிற்சிக்கும் ஒதுக்கத் தயங்குவது உலகம் முழுக்க உள்ள நோய்.)

டிஎன்ஏ சிதைந்துவிட்டால், டிஎன்ஏவை நகலெடுத்துப் பெருக்கும் பிசிஆர் முறை இன்னொரு ஆபத்தைக் கொண்டுவரும். சுற்றுக்கு இரட்டிப்பு; 30 சுற்றில் ஒரு மூலக்கூறு ஏறத்தாழ 107 கோடி ஆகும். சிம்ப்சனின் குழாயைத் திறந்தபோது தன் கையுறையில் கொஞ்சம் ரத்தம் பட்டதாக ஆய்வக ஊழியர் ஒருவர் ஒப்புக்கொண்டார். உண்மையான கொலையாளியின் டிஎன்ஏ அழிந்துபோன துணியில் அந்தத் துளி ஒட்டியிருந்தால், அதுதானே பெருகும் என்றார் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பேரி ஷெக். கேட்க அழகான வாதம். ஆனால் கறைக்குப் பக்கத்துச் சுத்தமான இடத்தையும் ஒற்றி, அந்தத் துணிகளையும் கூடவே சோதித்திருந்தார்கள். அவற்றில் யாருடைய டிஎன்ஏவும் வரவில்லை. கையுறை ரத்தம் எல்லாவற்றிலும் பரவியிருந்தால் அவை மட்டும் எப்படித் தப்பின? அரசுத் தரப்பின் மிக வலுவான பதில் இது. வாரக்கணக்கில் நீண்ட டிஎன்ஏ சாட்சியத்துக்குள் அது புதைந்துபோனது என்பது என் கருத்து.

கேட்டிலும், சிம்ப்சன் வீட்டில் கிடைத்த காலுறையிலும் இருந்த கறைகளில் ஈடிடிஏ இருக்கிறதா என்று அமெரிக்க மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ., மூலக்கூறுகளை எடையை வைத்து அடையாளம் காணும் நிறை நிறமாலைமானியில் பார்த்தது. மிகச் சிறிய சமிக்ஞை வந்தது. குழாய் ரத்தம் என்றால் இது மிகமிகக் குறைவு என்றார் எஃப்.பி.ஐ. நிபுணர் ரோஜர் மார்ட்ஸ்; குழாயில் போடாத தன் சொந்த ரத்தத்தைச் சோதித்தபோதும் அதுபோன்ற சமிக்ஞை வந்ததாகச் சொன்னார். எதிர்த்தரப்பு நிபுணர் ஃபிரெட்ரிக் ரீடர்ஸ் 'இருக்கிறது' என்றார். வேதியியலில் 'எவ்வளவு' என்பதுதான் கேள்வி. ஜூரியின் காதில் விழுந்தது 'இருக்கிறதா, இல்லையா' என்பது மட்டும். குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகம் ஒன்று மிஞ்சினாலே போதும். எட்டு மாதத்துக்கு மேல் நடந்த விசாரணைக்கு, ஜூரி நான்கு மணி நேரத்துக்குள் முடிவெடுத்தது.

கொல்லப்பட்டவர்களின் குடும்பங்கள் தொடுத்து 1997இல் முடிந்த உரிமையியல் வழக்கில் அதே ரத்தம் மீண்டும் வந்தது. அங்கே எந்தப் பக்கம் கூடுதல் சாத்தியம் என்று பார்த்தால் போதும். அந்த ஜூரி மரணங்களுக்கு சிம்ப்சனே பொறுப்பு என்றது, இழப்பீடு 3.35 கோடி டாலர்.