‘ரேடிக்கல்’ வரலாற்றாளரைத் தமிழில் எப்படிச் சொல்வது?

‘இண்டிபெண்டன்ட் ரேடிக்கல் ஹிஸ்டோரியன்’ என்று ஒருவரை மூன்று சொல்லில் அறிமுகப்படுத்திவிட்டுப் போய்விடுகிறார்கள். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால்தான் சிக்கல் தெரியும். வழக்கமாகக் கிடைப்பது ‘சுயாதீனத் தீவிர வரலாற்றாளர்’. படித்தவுடன் என்ன தோன்றுகிறது? ஏதோ கடுமையான ஆள், கொஞ்சம் தள்ளியே நிற்கலாம் என்றுதான் தோன்றுகிறது. அப்புறம் அடுத்த வரியிலேயே அவர் கவிதை எழுதுவார், படம் வரைவார், பழைய பாட்டுகளைச் சேகரிப்பார் என்று வரும்போது, இந்த ஆளுக்கும் ‘தீவிர’த்துக்கும் என்ன சம்பந்தம் என்று குழப்பம். குழப்பம் அந்த மனிதரிடம் இல்லை, நாம் போட்ட சொல்லில் இருக்கிறது.

ரேடிக்கல் என்பதன் தாய், லத்தீன் மொழியின் ‘ராடிக்ஸ்’. பொருள்: வேர். முள்ளங்கிக்கு ஆங்கிலத்தில் ரேடிஷ் என்று பெயர் வந்ததும் இதே சொல்லிலிருந்துதான், அதுவும் ஒரு வேர் என்பதால். ஐரோப்பாவின் இடைக்கால மருத்துவர்கள் உடம்பின் உயிர்ப்புக்கு ஆதாரமான ஈரத்தை ‘வேர் ஈரம்’ என்ற பொருளில் இந்தச் சொல்லால் குறித்தார்கள். கணக்கில் வர்க்கமூலத்துக்கு நாம் போடும் குறிக்கு ஆங்கிலத்தில் ரேடிக்கல் குறி என்று பெயர். அச்சில் அதை முதலில் பயன்படுத்தியது கிறிஸ்டாஃப் ருடால்ஃப் 1525இல் வெளியிட்ட ஜெர்மன் இயற்கணித நூல். கணக்குக்காரர்கள் இந்த விஷயத்தில் நம்மைவிடத் தெளிவாக இருந்திருக்கிறார்கள். வடமொழியில் மூலம், அரபியில் ஜித்ர், லத்தீனில் ராடிக்ஸ் என்று எல்லாருமே அந்த எண்ணை வேர் என்றே அழைத்தார்கள், நாமும் இன்றுவரை மூலம் என்கிறோம். ஒரு எண் எதிலிருந்து முளைத்ததோ அது அதன் வேர்.

அரசியலுக்கு இந்தச் சொல் வந்தது 18ஆம் நூற்றாண்டின் கடைசியில், பிரிட்டனில். கிளையை மட்டும் கழித்துவிடும் சீர்திருத்தம் போதாது, வேர்வரை போகும் சீர்திருத்தம் வேண்டும் என்று கேட்டபோது ‘ரேடிக்கல் சீர்திருத்தம்’ என்றார்கள். 1819இல் மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில், நாடாளுமன்றத்தில் தங்களுக்கும் பிரதிநிதிகள் வேண்டும் என்று கேட்டுத் திரண்ட மக்கள்மீது குதிரைப்படை பாய்ந்தபோது, அப்படிக் கேட்டவர்களுக்கே ரேடிக்கல்கள் என்று பெயர் நிலைத்திருந்தது. 1844இல் இளம் மார்க்ஸ் சொல்லின் பிறப்பையே வாதமாக்கினார்: ரேடிக்கலாக இருப்பது என்றால் விஷயத்தை அதன் வேரில் பிடிப்பது, மனிதனுக்கு வேர் மனிதனே. ஆக இந்தச் சொல்லின் நெடிய வாழ்க்கையில் எங்குமே வேகமோ கோபமோ மையமாக இல்லை. ஆழம்தான் மையம்.

‘தீவிரம்’ வேறு வம்சம். வடமொழித் ‘தீவ்ர’த்திலிருந்து வந்தது. கூர்மை, கடுமை, உறைப்பு என்று பொருள். காய்ச்சல் தீவிரமாக இருக்கலாம், புயல் தீவிரமடையலாம், அவற்றுக்கு வேர் எதுவும் தேவையில்லை. 1907இல் சூரத் மாநாட்டில் காங்கிரஸ் பிளந்ததைப் பள்ளிப் பாடத்தில் ‘மிதவாதிகள், தீவிரவாதிகள்’ என்று படித்திருப்போம். அங்கே தீவிரவாதி பழிச்சொல் இல்லை, வ.உ.சி.யும் பாரதியும் திலகரின் அந்த அணியில்தான் நின்றார்கள். இன்றைய செய்தித்தாளில் அந்தச் சொல் துப்பாக்கியோடுதான் வருகிறது. எனவே ‘தீவிர வரலாற்றாளர்’ என்று எழுதினால், பிறப்பிலும் தவறு, இன்றைய வழக்கிலும் தவறு.

சரி, வேருக்குப் பதில் ‘அடிப்படை’ என்று போட்டால்? அந்த வழியையும் ‘அடிப்படைவாதி’ அடைத்துவிட்டது. மதநூலின் எழுத்தை விட்டு நகர மறுப்பவரைக் குறிக்க அந்தச் சொல்லை நாம் எடுத்துக்கொண்டோம். ‘முற்போக்கு’ முன்னால் போவதைச் சொல்கிறது, இங்கே வேண்டியது கீழே போவது. ‘புரட்சிகர’ என்பதில் புரட்டிப் போடுவது இருக்கிறது, தோண்டுவது இல்லை. ‘மாற்று வரலாறு’ என்றால், நடக்காததை நடந்ததாக வைத்து எழுதும் கற்பனைக் கதையையும் இப்போது அப்படித்தான் சொல்கிறார்கள். ‘அடித்தள மக்கள் வரலாறு’ நல்ல சொல், நான் மதிக்கும் சொல், ஆனால் அது யாருடைய வரலாறு என்பதைச் சொல்கிறது. ரேடிக்கல் என்பது எப்படிக் கேட்கிறார் என்பதைச் சொல்வது. ராஜாவைப் பற்றியும் வேர்வரை போய் எழுதலாம்.

இனி ‘ஹிஸ்டோரியன்’. கிரேக்கத்தில் ‘ஹிஸ்டோரியா’ என்றால் விசாரிப்பு, தேடி அறிதல். பண்டைய கிரேக்க வரலாற்றாளர் ஹெரடோட்டஸ் தன் நூலை அந்தச் சொல்லால்தான் அறிமுகம் செய்கிறார். அரிஸ்டாட்டில் விலங்குகளைப் பற்றித் தேடி எழுதியதும் அதே பெயரில்தான், அதில் ராஜாவும் இல்லை, போரும் இல்லை. நம் ‘சரித்திரம்’ நடத்தை, செயல் என்ற பொருளில் பிறந்தது, அதனால் யாரோ ஒரு பெரியவரின் செய்கைகள் என்ற பக்கம் தானாகச் சாயும். ‘இதிகாசம்’ என்றால் ‘இப்படித்தான் இருந்தது’, அதற்குமேல் கேள்வி கேட்க இடமில்லை. ‘வரலாறு’ இவற்றைவிட அடக்கமான சொல். வரல், ஆறு: வந்த வழி. தொல்காப்பிய உரைகளில் சூத்திரத்துக்கு எடுத்துக்காட்டு கொடுக்கும் இடத்தில் ‘வரலாறு’ என்று தலைப்பிட்டிருப்பதைப் பார்க்கலாம். இந்த விதி வழக்கில் எப்படி வருகிறது பார் என்று சான்று காட்டும் சொல்லாக அது இருந்திருக்கிறது. எனக்கு இந்தப் பழைய பயன்பாடு மிகவும் பிடிக்கும், சான்று இல்லாமல் வரலாறு இல்லை என்பதைச் சொல்லே வைத்திருக்கிறது.

‘இண்டிபெண்டன்ட்’டுக்குச் ‘சார்பற்ற’ என்று எழுதுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வேண்டாம். இந்த மாதிரி வரலாற்றாளருக்குச் சார்பு உண்டு, அதை மறைக்கவும் மாட்டார். அவருக்கு இல்லாதது பல்கலைக்கழகத்தின் சம்பளமும் துறைத்தலைவரும்தான். ‘சுயேச்சை’யைத் தேர்தல் எடுத்துக்கொண்டது. இலங்கைத் தமிழில் சுயாதீனம் இயல்பாக வரும், அங்கே அது சரியே. மற்றபடி ‘நிறுவனம் சாரா’ என்பது விஷயத்தை நேராகச் சொல்லிவிடுகிறது.

மிச்சம் இருப்பது அந்த நடுச்சொல். அதற்கு முன் ஒரு கேள்வி. இந்த வகை வரலாற்றாளர்களுக்கு ஏன் இத்தனை ஈடுபாடுகள்? ஒருவருக்கு இருந்தால் குணம் என்று விட்டுவிடலாம். வரிசையாகப் பலருக்கு இருக்கிறது.

டி.டி. கோசாம்பி கணித ஆசிரியர். மரபியலில் அவர் பெயரிலேயே 1944இல் வந்த ஒரு சமன்பாடு இன்றும் பயன்படுகிறது. வடமொழிக் கவிஞர் பர்த்ருஹரியின் கவிதைகளைச் சுவடி சுவடியாக ஒப்பிட்டுப் பதிப்பித்தார். புழங்கப் புழங்க நாணயம் தேய்ந்து எடை குறையும் என்பதைப் பிடித்துக்கொண்டு, முத்திரை குத்திய பழைய வெள்ளிக்காசுகளைத் துல்லியமாக நிறுத்து, புள்ளியியலைக் கொண்டு எது முந்தியது எது பிந்தியது என்று வரிசைப்படுத்தினார். புனேயைச் சுற்றிய மேடுகளில் நடந்து நுண்கற்கருவிகளைப் பொறுக்கினார், முச்சந்தியில் சிவப்பு பூசிய கல்லாக நிற்கும் அம்மன்களைப் பற்றி அவர்களைக் கும்பிடுகிறவர்களிடமே கேட்டார். 1956இல் இந்திய வரலாற்றுக்கு அவர் எழுதிய அறிமுக நூலில் இத்தனையும் வந்து சேர்கின்றன. கணக்கு, காசு, கவிதை, கல் எல்லாம் அவருக்குச் சான்றுகள்தான்.

டிரினிடாட்டில் பிறந்த சி.எல்.ஆர். ஜேம்ஸ் கதை இன்னும் சுவையானது. ஹெய்தியின் அடிமைகள் எழுந்து நாடு அமைத்ததைப் பற்றி 1938இல் அவர் வெளியிட்ட வரலாற்று நூல் புகழ்பெற்றது. அதற்கு இரண்டு வருடம் முன்பே, 1936இல், அதே எழுச்சியின் தலைவர் டூசான் லூவெர்த்யூரைப் பற்றி அவர் எழுதிய நாடகம் லண்டனில் மேடையேறிவிட்டது. டூசானாக நடித்தவர் பாடகர் பால் ரோப்சன். நாடகம் முதலில், வரலாறு பிறகு. ஒரு ஆளை மேடையில் நிறுத்திப் பேசவைக்க வேண்டுமென்றால் அவன் ஏன் அப்படிச் செய்தான் என்று தெரிந்தாக வேண்டும், அந்தக் கட்டாயம் வரலாற்று நூலிலும் அவரை விடவில்லை என்றுதான் நான் படிக்கிறேன். கிரிக்கெட் செய்தியாளராக இங்கிலாந்தில் பிழைத்த அதே மனிதர், 1963இல் கிரிக்கெட்டைப் பற்றி ஒரு நூல் எழுதினார். எந்தக் கிளப்பில் எந்த நிறத்தவர் ஆடலாம் என்ற கேள்வியிலிருந்து ஒரு காலனி நாட்டின் மொத்த அமைப்பையும் அதில் காட்டிவிட்டார்.

அதே 1963இல்தான் ஆங்கிலேய வரலாற்றாளர் இ.பி. தாம்சன் ஆங்கிலத் தொழிலாளி வர்க்கத்தின் உருவாக்கத்தைப் பற்றிய பெரிய நூலைக் கொண்டுவந்தார். அப்போது அவர் லீட்ஸ் பல்கலைக்கழகத்தின் சார்பில் வேலைக்குப் போகும் பெரியவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தார். பிறகு வாரிக் பல்கலைக்கழகத்துக்குப் போய், சில வருடங்களில், 1970களின் தொடக்கத்தில், அதையும் விட்டு வெளியேறி எழுத்தை நம்பி வாழ்ந்தார். கவிதை எழுதினார், 1988இல் ஒரு அறிவியல் புனைகதை நாவல் எழுதினார், 1980களில் அணு ஆயுத எதிர்ப்புக்காக ஊர் ஊராகப் பேசினார், கவிஞர் வில்லியம் பிளேக்கைப் பற்றிய அவருடைய நூல் அவர் இறந்த 1993இல் வெளிவந்தது. ரொட்டி விலை ஏறியபோது நடந்த கலகங்களைப் பற்றி அவர் எழுதியதைப் படித்தால், கூட்டத்தின் கூச்சலுக்குள் இருந்த நியாயத்தைக் கேட்கக் கவிதைக் காது எவ்வளவு உதவியது என்று புரியும்.

தமிழில் அயோத்திதாசரை விட்டுவிட்டு இந்தப் பேச்சைப் பேச முடியாது. 1907இல் ‘ஒரு பைசாத் தமிழன்’ இதழைத் தொடங்கியவர், இந்திரர் தேச சரித்திரம் எழுதியவர். அவருடைய முறை பெரும்பாலும் சொற்களை உடைத்துப் பார்ப்பது, பண்டிகைகளை உடைத்துப் பார்ப்பது. அவர் சொன்ன சொற்பிறப்புகள் எல்லாவற்றையும் இன்றைய மொழியியல் ஏற்காது, நானும் ஏற்கவில்லை. ஆனால் எழுதிவைக்கப்படாத மக்களின் வரலாற்றைத் தேடுகிறவனுக்குச் சொல்லும் சடங்கும்தான் ஆவணம் என்று அவர் கண்டுகொண்டது பெரிய விஷயம். மயிலை சீனி. வேங்கடசாமி தொடக்கப்பள்ளி ஆசிரியர். 1936இல் கிறித்தவம், 1940இல் பௌத்தம், 1954இல் சமணம் என்று, தமிழின் வரலாற்றில் ஓரத்தில் விடப்பட்டதை ஒவ்வொன்றாக எடுத்தார். அப்புறம் அழகுக் கலைகள், பெயர் மட்டும் மிஞ்சிய மறைந்துபோன நூல்கள், இருண்ட காலம் என்று ஒதுக்கப்பட்ட களப்பிரர் காலம். பாடத்திட்டமும் பதவி உயர்வும் கேட்கிற வேலை இல்லை இது.

இவர்களுக்கெல்லாம் அரசு ஆவணம் போதவில்லை. அரசு ஆவணத்தில் கீழே இருப்பவர்கள் வரி கட்டுகிறவர்களாகவோ குற்றவாளிகளாகவோதான் வருவார்கள், தங்கள் குரலில் வரமாட்டார்கள். அந்தக் குரலைத் தேடிப் போகிறவர் காசு, பாட்டு, ஆட்டம், சடங்கு என்று கலைந்துதான் போயாக வேண்டும். ஆணிவேர் ஒன்றுதான் வேர் என்று நினைத்துவிடுகிறோம், நெல்லுக்கும் புல்லுக்கும் இருப்பது சல்லிவேர், பத்துத் திசையில் பரவி மண்ணைப் பிடிப்பது. ஆகவே அவர்களுடைய ஈடுபாடுகளைப் ‘பொழுதுபோக்குகள்’ என்று மொழிபெயர்ப்பவர்கள்மேல் எனக்கு வருத்தம் உண்டு. அது அவர்களுடைய ஆய்வுமுறை.

இப்போது குறளுக்கு வருகிறேன். ‘நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி வாய்ப்பச் செயல்.’ 948ஆவது குறள், மருந்து அதிகாரம். நோய் என்ன என்று பார்ப்பதோடு நிற்காமல் அதன் முதலைத் தேடு என்கிறார் வள்ளுவர். முதல் என்ற சொல்லுக்கு முதலாவது, மூலதனம் என்பதோடு வேர், அடிமரம் என்ற பொருளும் உண்டு. ஐரோப்பிய மருத்துவரின் ‘வேர்’ நம் மருத்துவ அதிகாரத்திலேயே தயாராக இருக்கிறது. அயோத்திதாசர் சித்த மருத்துவர், குறளுக்கு உரையும் எழுதியவர், குறள் சுவடியை ஆங்கிலேய அதிகாரி எல்லிஸிடம் சேர்ப்பித்தவர் தன் பாட்டனார் கந்தப்பன் என்று பதிவும் செய்தவர். இந்தக் குறளுக்கு அவரைவிடப் பொருத்தமான வாசகர் யார்?

‘நாடு’ என்ற வினைக்குத் தேடு, ஆராய் என்று பொருள். ஹிஸ்டோரியா என்பதன் பொருளும் அதுவேதான். எனவே என் பரிந்துரை: நிறுவனம் சாரா முதல்நாடும் வரலாற்றாளர்.

‘முதல்நாடி’ என்று பெயராக்க வேண்டாம், நாடித்துடிப்பு குறுக்கே வரும். புணர்ச்சி விதிப்படி ‘முதனாடும்’ என்றுதான் எழுத வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். பழைய அச்சுகளில் குறளே ‘நோய்முத னாடி’ என்று இருக்கும். அது சரிதான், ஆனால் புதுச்சொல் பரவ வேண்டுமென்றால் பிரித்தால் புரிகிற வடிவமே நல்லது. ‘வேர்நோக்கு வரலாற்றாளர்’ என்றும் எழுதலாம், பிழையில்லை, எனக்கு அதில் தேடல் குறைகிறது, அவ்வளவுதான். ரேடிக்கலிசம் என்ற போக்கைச் சொல்ல ‘முதல்நாட்டம்’.

நாட்டம் என்ற சொல்லை அகராதியில் பார்த்தால் ஆராய்ச்சி, விருப்பம், கண் என்ற மூன்று பொருளும் ஒரே இடத்தில் இருக்கும். ‘அவருக்குக் கவிதையிலும் கிரிக்கெட்டிலும் பழைய காசுகளிலும் நாட்டம் உண்டு’ என்று எழுதும்போது, அவருடைய ஆசையையும் ஆய்வையும் தனித்தனியாகச் சொல்லத் தேவையே வராது.