மீன் பேசியதா, பேசியதாமா?

தில்லி ஆர்.கே.புரத்து வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார்: ஏழு வயதுச் சிறுமி சொல்வதாக அமைந்த மிகுபுனைவுக் குறுநாவல் ஒன்றில், மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டிக்குள் மீன் பேசுவதைத் தாம் ஒரு கணமும் ஐயுறாதது ஏன், அவள் அக்கதையைத் தம்பிக்குச் சொல்லும் கடைசிப் பக்கத்தில் மட்டும் மனம் கனத்தது ஏன்?

முதல் கேள்விக்குப் பாதி விடை பழையது. 1983-இல் ஹைன்ஸ் விம்மர், யோசஃப் பெர்னர் என்னும் உளவியலாளர்கள் குழந்தைகளுக்கு ஒரு கதை சொன்னார்கள். மாக்ஸி அலமாரியில் வைத்த சாக்லேட்டை, அவன் இல்லாதபோது அம்மா வேறிடத்துக்கு மாற்றிவிடுகிறாள். திரும்பி வந்தவன் எங்கே தேடுவான்? சாக்லேட் இப்போது இருக்கும் இடத்தையே மூன்று வயதினர் காட்டுவர்; பிறர் மனத்தில் தவறான நம்பிக்கை இருக்கக்கூடும் என்பது பெரும்பாலும் நான்கைந்து வயதில்தான் பிடிபடுகிறது. சிறுவர் சொல்லும் கதையைப் படிப்பவர், தாம் அறிந்ததையும் பிறர் நம்புவதையும் இப்படிப் பிரித்துப் பார்ப்பதையே பக்கந்தோறும் செய்கிறார். மீனின் சேதியைக் கேட்டு அம்மா கண்ணைத் துடைத்தாள் என்று சிறுமி சொன்னால், அவள் அறியாத காரணத்தையும் நாம் சேர்த்துப் படிக்கிறோம்.

மீதிப் பாதி தமிழின் ஓரசையில் இருக்கிறது. ‘மழை பெய்ததாம்’ என்றால் நான் பார்க்கவில்லை, பிறர் சொல்லக் கேட்டேன் என்று பொருள். பாட்டி கதையிலும் ‘ஒரு ராஜா இருந்தாராம்’ என்பதே வழக்கம். குழந்தைகளோ இதே ‘ஆம்’-ஐ விளையாட்டுக்குக் கொண்டுபோய், ‘நான் டீச்சராம், நீ ஸ்டூடன்டாம்’ என்று ஓர் உலகத்தையே நிறுவிவிடுகிறார்கள். எங்கள் குடியிருப்பில் இந்தி பேசும் பிள்ளைகள் இதற்கு ‘ஜூட்மூட்’ என்று தனிச்சொல்லே போடவேண்டியிருக்கிறது. நம் பிள்ளைகளுக்கு வினைச்சொல் கூட வேண்டாம், பெயரோடு ஓர் ஒட்டு போதும். கேள்விப்பட்ட சேதி, கதை, பாவனை மூன்றுக்கும் பொதுவாக அது செய்வது ஒன்றே: ‘இதற்கு நான் சாட்சி இல்லை.’ அந்தச் சிறுமியோ ‘மீன் பேசியது’ என்கிறாள். ஒட்டை விலக்கியதுமே அவள் கதைசொல்லி அல்லள், நேரில் கண்டவள்.

துருக்கி மொழியில் இதற்கு இணையான ‘-மிஷ்’ விகுதியைக் குழந்தைகள் பழகும் விதத்தை அய்ஹான் அக்சு-கோச் 1980-களிலேயே ஆராய்ந்தார். தமிழ்க் குழந்தைகளின் ‘ஆம்’-க்கும் அத்தகைய விரிவான ஆய்வு வேண்டும். விலையுயர்ந்த கருவி கேட்காத ஆய்வு என்பதாலேயே அதற்கு நிதி கேட்பவரை நம்மவர்கள் ஐயத்தோடு பார்க்கிறார்கள் என்பது என் மனக்குறை.

பெரியவர்கள் ‘ஆம்’-ஐ விலக்கினால் விளைவு வேறு. 1995 செப்டம்பர் 21 அன்று, பிள்ளையார் பால் குடிக்கிறாராம் என்று இதே தில்லியில் கிளம்பிய செய்தி, பரவப் பரவக் ‘குடிக்கிறார்’ என்று ஆனது. பரப்பு இழுவிசையால் கரண்டியை விட்டேறிய பால் சிலையின் மேல் வழிந்தோடுவதை அறிவியலாளர்கள் சாயம் கலந்து காட்டவேண்டியிருந்தது.

வாசகியின் கடைசிப் பக்கத்துக்கு வருவோம். அவர் அனுப்பிய வரியில், தம்பியை மடியில் வைத்துக்கொண்டு அவள் சொல்கிறாள்: “அந்த மீன் பேசிச்சாம்.” அவளுக்கு நம்பிக்கை போய்விட்டதா, தம்பியை விளையாட்டுக்கு அழைக்கிறாளா என்பதை அந்த ஒட்டு சொல்லவில்லை, இரண்டுக்கும் தமிழில் அது ஒன்றுதான்.