வாய் நாற்றத்துக்கு உங்கள் மூக்கு சாட்சி அல்ல

"எனக்கு ஒன்றும் தெரியவில்லையே டாக்டர், வீட்டில்தான் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள்" என்றபடி சிகிச்சை நாற்காலியில் அமர்பவர்களைப் பார்த்துப் பார்த்து மனம் சலித்துவிட்டது. அண்மையில் அப்படி வந்த ஒருவரின் கடைவாய்ப் பற்களைச் சுற்றி ஈறு 7 மில்லிமீட்டர் ஆழத்துக்குப் பல்லைவிட்டு விலகியிருந்தது. நலமான ஈறில் அந்த ஆழம் 3 மில்லிமீட்டரைத் தாண்டாது.

ஒரே மணம் இடைவிடாமல் வந்துகொண்டிருந்தால் சிறிது நேரத்தில் மூக்கு அதைக் கண்டுகொள்ளாது. காலையில் பூசிய வாசனைத் திரவியம் பூசியவருக்கு மறந்துபோக, எதிரில் வருபவருக்கு மட்டும் மணப்பது இதனால்தான். இரவும் பகலும் கூடவே இருக்கும் வாய் நாற்றத்துக்கும் இதே கதிதான். உள்ளங்கையில் ஊதி முகர்ந்து பார்ப்பதும் உதவாது. ஏற்கெனவே பழகிப்போன மூக்கிடமே மறுபடியும் தீர்ப்புக் கேட்கிறீர்கள். மாறாக, நாற்றமே இல்லாதவர்கள் இருப்பதாக நம்பி வேதனைப்படுவதும் உண்டு. வைரஸ் தொற்றுக்குப் பின் மோப்ப உணர்வு பிறழ்ந்து எல்லாமே அழுகியதுபோல் நாறலாம். மேல் கடைவாய்ப் பல்லின் வேரிலுள்ள சீழ் சைனஸுக்குள் பரவினால் ஒருபக்க மூக்கில் மட்டும் கெட்ட வாடை வீசலாம். எப்படிப் பார்த்தாலும் சொந்த மூக்கை மட்டும் நம்பி முடிவெடுக்க முடியாது.

அந்த நோயாளியின் கடைவாய்ப் பற்களுக்கிடையே பல் இடுக்கு நூலை ஒருமுறை இழுத்து, அவரிடமே கொடுத்து முகரச் சொன்னேன். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஈறு பல்லைவிட்டு விலகி உண்டான பையின் ஆழத்தில் காற்றுப் புகாத இடத்தில் வாழும் பாக்டீரியாக்கள் வெளியிடும் கந்தக வாயுக்களின் நாற்றம் அது. வயிற்றுக் கோளாறு என்று அதுவரை அவர் மாத்திரை விழுங்கிக்கொண்டிருந்தார்! விழுங்கும்போதும் ஏப்பம் விடும்போதும் தவிர உணவுக்குழாய் மூடியே இருக்கிறது. பெரும்பாலோருக்கு நாற்றம் பிறப்பது நாக்கின் பின்பகுதியிலும் ஈறிலும்தான்.

இரத்தம் வருகிறதென்று பல் துலக்குவதை நிறுத்தாதீர்கள், தயவுசெய்து. படிவு சேரச் சேர இரத்தக்கசிவு கூடத்தான் செய்யும். புகைப்பவர்களுக்கு நோய் முற்றியும் இரத்தம் குறைவாகவே கசியும் என்பதால், இரத்தம் இல்லை என்பதை வைத்து அவர்கள் நிம்மதி அடையக் கூடாது. ஸ்கேலிங் (பல்லில் படிந்த காரையைச் சுரண்டி எடுத்தல்) செய்தால் பல் ஆடிவிடும் என்ற பயத்தையும் விடுங்கள். எலும்பு கரைந்து ஏற்கெனவே தளர்ந்துபோன பல்லைக் கெட்டிப்பட்ட காரை பிடித்துவைத்திருந்தது, காரையை எடுத்ததும் உண்மை நிலை தெரிகிறது, அவ்வளவுதான்.

நாளுக்கு இருமுறை மென்மையான பிரஷால் ஈறோரம் வரை துலக்குங்கள். பல் இடுக்கைத் தினமும் நூலாலோ இடுக்கு பிரஷாலோ சுத்தம் செய்யுங்கள்; நாக்கின் பின்பகுதியை வழியுங்கள். குளோர்ஹெக்ஸிடின் கொப்பளிப்பு மருந்தை மருத்துவர் சொன்ன நாள்களைத் தாண்டிப் பயன்படுத்தாதீர்கள். பல்லில் கறை படியும், சுவையும் மாறும். ஈறுநோயும் சர்க்கரை நோயும் ஒன்றையொன்று மோசமாக்குபவை என்பதால், சர்க்கரை உள்ளவர்கள் ஈறுப் பரிசோதனையைத் தள்ளிப்போடவே கூடாது. வீட்டில் ஒருவருக்கு நாற்றம் இருந்தால் பிறர் முன்னிலையில் சொல்லாமல் தனியே அழைத்துச் சொல்லுங்கள். சொல்லப்படுபவர் கோபப்படாமல் ஈறைக் காட்ட வாருங்கள்.