சர்வர் ஓடுகிறது, ஆனால் லாகின் ஆகவில்லை

சிபியு, மெமரி, டிஸ்க் எல்லாம் பச்சையில் இருக்கும், 'இருக்கிறாயா' என்று சர்வரைக் கேட்கும் பிங் அடித்தால் உடனே பதில் வரும், ஆனாலும் ஒரு வாடிக்கையாளரால்கூட உள்ளே நுழைய முடியாது. இது எப்படி? பிங்குக்குப் பதில் சொல்வது ஆபரேட்டிங் சிஸ்டம். அதன் மேல் ஓடும் அப்ளிகேஷன் செத்துக் கிடந்தாலும் அது பாட்டுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கும். 'எல்லாம் சரி' என்று வெப் சர்வர் சொல்லும் எச்டிடிபி 200 குறியீடு வந்தது என்பதையும் அப்படியே நம்பிவிட முடியாது, 'சிறிது நேரம் கழித்து முயலவும்' என்ற பக்கத்தையே 200 போட்டு அனுப்பும் தளங்கள் உண்டு.

அதனால்தான் ரிலீசுக்கு முன்னால் ஓட்டும் தானியங்கி டெஸ்டை, ரிலீஸ் ஆன பிறகும் லைவ் தளத்தின் மேல் சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஓட்டுகிறார்கள். சிந்தெடிக் மானிட்டரிங் என்பது இதுதான். 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் தாட்வொர்க்ஸ் நிறுவனத்தில் எழுதத் தொடங்கிய, பிரவுசரைத் தானாக இயக்கும் செலினியம் என்ற கருவி இதற்கு நன்றாகவே பொருந்துகிறது: ஸ்கிரிப்ட் சொல்லச் சொல்ல அதன் வெப்டிரைவர் என்ற பகுதி நிஜமான குரோமைத் திறந்து, பயனர்பெயரை அடித்து, பட்டனை அழுத்தி, வரவேற்புப் பக்கம் வந்ததா என்று பார்க்கும். டேட்டாபேஸ், கேஷ், லாகின் சேவை என்று நடுவில் எது படுத்தாலும் இங்கே தெரிந்துவிடும்.

இனி முடிவை நாகியோஸ் போன்ற ஒரு கண்காணிப்பு மென்பொருளிடம் ஒப்படைக்க வேண்டும். அது நிலையை முடிவு செய்வது ஸ்கிரிப்ட் திருப்பித் தரும் ஒரே ஒரு எண்ணை வைத்துத்தான்: 0 என்றால் சரி, 1 எச்சரிக்கை, 2 ஆபத்து, 3 தெரியவில்லை. லாகின் ஆனது ஆனால் வழக்கத்தைவிட மெதுவாக ஆனது என்றால் 1, ஆகவே இல்லை என்றால் 2. பிரவுசரே திறக்கவில்லையா, அப்போது 3 தர வேண்டும், ஏனென்றால் கோளாறு நம் மானிட்டரில், தளத்தில் அல்ல. இந்த வித்தியாசத்தைக் கவனிக்காமல் எல்லாவற்றுக்கும் 2 என்று எழுதி, நடு ராத்திரியில் ஆட்களை வீணாக எழுப்புவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொய் எச்சரிக்கை தொடர்ந்து வந்தால் நிஜமானதையும் யாரும் பார்க்க மாட்டார்கள். ஒருமுறை தோற்றால் பொறுத்து, அடுத்த முறையும் தோற்றால் மட்டும் கூப்பிடுங்கள்.

இருக்கிற எல்லா டெஸ்டையும் ஓட்டத் தேவையில்லை. லாகின், தேடல், பணம் கட்டுவது, இவை போதும். பணம் கட்டும் டெஸ்டுக்குத் தனிக் கணக்கு வைத்து, அதன் ஆர்டர்கள் ஸ்டாக்கிலும் விற்பனைக் கணக்கிலும் சேராதபடி குறியிட்டுவிடுங்கள்.

அப்புறம், ஸ்கிரிப்டே நின்றுபோனால் எச்சரிக்கையும் வராது. வெளியிலிருந்து முடிவை அனுப்பும் முறை என்றால், இத்தனை நிமிடத்துக்குள் புது முடிவு வராவிட்டால் அதையே கோளாறாக எடுத்துக்கொள்ள நாகியோஸில் வசதி இருக்கிறது; முதல் நாளே அதைப் போட்டு வையுங்கள்.