அப்நார்மல்: மூலைமட்டத்திலிருந்து வந்த சொல்

பக்கத்து வீட்டு அக்கா ஒரு நாள் ரத்தப் பரிசோதனைத் தாளைக் கையில் பிடித்தபடி வந்தார். இருபது வரி இருந்த தாளில் ஒரே ஓர் எண் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. "அப்நார்மல்னு சொல்லிட்டாங்க தம்பி, அப்படின்னா என்ன?" என்றார். எல்லையைத் தொட்டும் தொடாமலும் தாண்டியிருந்த எண் அது. டாக்டரிடம் காட்டுங்கள், பயப்பட வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ஆனால் அவர் கேட்டது வேறு. அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்றுதான் கேட்டார். சட்டென்று ஒரு தமிழ்ச் சொல் வாயில் வரவில்லை.

பிறகு தேடிப் பார்த்தால் கதை தச்சுப் பட்டறையில் தொடங்குகிறது. லத்தீனில் 'நோர்மா' என்றால் தச்சரும் கொத்தனாரும் வைத்திருக்கும் மூலைமட்டம். சுவரும் சுவரும் சரியாகச் சேர்கின்றனவா என்று மூலையில் வைத்துப் பார்ப்பார்களே, அதுதான். அந்த மட்டத்துக்கு ஒத்துவந்தால், அதாவது 90 பாகையில் நின்றால், அது 'நோர்மாலிஸ்'. பிறகு அந்தக் கருவியின் பெயரே விதி, அளவுகோல், முன்மாதிரி என்று பொருள் விரிந்தது. 1856இல் சென்னையில் ஆசிரியர்களைப் பயிற்றுவிக்கத் தொடங்கிய அரசுப் பள்ளிக்கு 'நார்மல் ஸ்கூல்' என்று பெயர் வைத்தது இந்தப் பொருளில்தான். சாதாரணப் பள்ளி என்று நினைத்துவிடக் கூடாது. கற்பிக்கும் முறைக்கு அளவுகோல் வைக்கும் பள்ளி. பின்னாளில் சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியாக வளர்ந்தது அதுவே.

'அப்' என்ற முன்னொட்டுக்கு 'விலகி' என்று பொருள். மட்டத்திலிருந்து விலகியது அப்நார்மல். இதில் ஒரு குளறுபடியும் உண்டு. இதற்கு முன்பு பிரெஞ்சு வழியாக 'அனார்மல்' என்றொரு வடிவம் இருந்தது. சமமற்றது, மேடுபள்ளமானது என்று பொருள்படும் 'அனோமலோஸ்' என்ற கிரேக்கச் சொல்லும் 'நோர்மா'வும் ஒன்றோடொன்று குழம்பிப் பிறந்தது அது. அதைத் திருத்துகிறோம் என்று லத்தீன் முன்னொட்டை மாட்டி உருவாக்கியதே இன்றைய சொல். 19ஆம் நூற்றாண்டில்தான் அது பரவலானது. ஆக, விதி மீறலைக் குறிக்கும் சொல்லே கொஞ்சம் விதி மீறித்தான் பிறந்திருக்கிறது.

தமிழிலும் இதே பட்டறை மணம் அடிக்கிறது. நேராக இருப்பது செம்மை. செங்கோணம், செங்குத்து, செங்கோல் எல்லாம் அங்கிருந்து வருபவை. கணிதத்தில் நார்மல் என்ற கோட்டைத் தமிழ்நாட்டுப் பாடநூல் செங்கோடு என்கிறது. இலங்கையில் 'செவ்வன்' என்ற சொல் வழங்குகிறது. இரண்டுமே அசல் லத்தீன் பொருளைத் தொட்டுவிடுகின்றன. நேரில்லாமல் வளைந்தது கொடு, கோடு. வளைந்த வாள் கொடுவாள், வளைந்த கோல் கொடுங்கோல். அந்த வளைவிலிருந்துதான் கொடுமையும் வந்தது. விலகல் என்றாலே தீமை என்று நினைக்கும் பழக்கம் சொல்லுக்குள்ளேயே ஊறிப்போயிருக்கிறது பாருங்கள்.

ஆனால் வள்ளுவர் இந்த இரண்டு வேர்களையும் வைத்தே ஒரு விளையாட்டு ஆடியிருக்கிறார். "கணைகொடிது யாழ்கோடு செவ்விது" என்கிறது 279ஆம் குறள். அம்பு நேரானது, ஆனால் கொடிது. யாழின் கோடு, அதாவது அதன் தண்டு, வளைந்தது, ஆனால் செவ்விது. வளைவையும் தீமையையும் ஒன்றாக எண்ணாதே, செயலைப் பார் என்கிறார். 'அப்நார்மல்' என்று யாரையாவது பார்த்துச் சொல்லும்போதெல்லாம் எனக்கு இந்த யாழ் நினைவுக்கு வரும்.

சரி, தாளில் இருந்த அந்த எண்ணுக்கு வருவோம். பரிசோதனைக் கூடம் தரும் 'நார்மல்' வரம்பு பெரும்பாலும் எப்படி வருகிறது? நலமாக இருக்கும் பலரின் அளவுகளை எடுத்து, நடுவிலுள்ள 95 விழுக்காட்டை மட்டும் வரம்புக்குள் வைக்கிறார்கள். மேலும் கீழுமாக மிச்சம் 5 விழுக்காடு வெளியே போகிறது. அதாவது எந்த நோயும் இல்லாத 20 பேரில் ஒருவர் வரம்புக்கு வெளியேதான் இருப்பார். ஒரே ஆளுக்கு ஒன்றையொன்று சாராத 20 பரிசோதனைகள் செய்தால், ஏதாவது ஒன்றாவது வெளியே விழும் வாய்ப்பு கிட்டத்தட்ட 64 விழுக்காடு. அக்காவின் தாளில் எல்லாமே உள்ளே இருந்திருந்தால்தான் ஒருவகையில் ஆச்சரியம். சர்க்கரை, கொழுப்பு போன்றவற்றுக்கு இந்தக் கணக்கு பொருந்தாது. அங்கே பின்னால் வரக்கூடிய நோயின் ஆபத்தை வைத்து எல்லை போடுகிறார்கள்.

இந்த இடத்துக்கு 'வரம்புக்கு வெளியே' என்பதே போதும். வரம்பு வயலில் பிறந்த சொல் என்பதால் எல்லாருக்கும் புரியும், யாரையும் மிரட்டாது.

மற்ற இடங்களுக்கு? அகராதியைத் திறந்தால் முதலில் வருவது அசாதாரணம். எனக்கு இதில் திருப்தி இல்லை. 'அசாதாரணமான திறமை' என்று மேடையில் புகழவும் இதுதான், 'அசாதாரணச் சூழ்நிலை' என்று செய்தியில் எச்சரிக்கவும் இதுதான். பொதுவல்லாதது என்பதுதான் அதன் நேர்ப்பொருள். நல்லதா கெட்டதா என்று அது சொல்வதில்லை.

விகாரம் என்ற சொல்லின் நிலைமை இன்னும் பரிதாபம். வடமொழியில் அதற்கு மாற்றம் என்றுதான் பொருள். இலக்கணத்திலும் அப்படியே. பொன்னும் மலையும் சேர்ந்து பொன்மலை ஆனால் இயல்புப் புணர்ச்சி; பொன்னும் குடமும் பொற்குடம் ஆனால் விகாரப் புணர்ச்சி. இயல்பு, விகாரம் என்று நார்மலுக்கும் அப்நார்மலுக்கும் கச்சிதமான ஜோடி கையிலேயே இருந்தது. ஒரு ப் கூடுதலாகத் தோன்றுவதால் வாழைப்பழம்கூட விகாரம்தான். ஆனால் பேச்சுவழக்கில் விகாரம் அருவருப்பாகிவிட்டது. இனி அதை மீட்க முடியாது.

பிறழ்வு அழகான சொல். புறநானூற்றின் 249ஆம் பாட்டில் வாளை மீன் நீரின் மேலே பிறழ்கிறது. புரண்டு துள்ளி மின்னுகிறது. அந்தத் துள்ளல் பின்னர் நெறி தவறுதலாகி, 'பிறழ்சாட்சி' என்று நீதிமன்றம் வரை போய்விட்டது. மரபணு, கணிப்பு, கோளின் பாதை என்று பொருள்களுக்குப் பிறழ்வைத் தாராளமாகச் சொல்லலாம். மனிதர்களுக்கு ஒட்டினால் சுடும். மனப்பிறழ்வு என்று எழுதுவதைவிட மனநலப் பாதிப்பு என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

நான் அதிகம் விரும்புவது வழு. வழுக்கு, வழுக்கல் எல்லாம் இதற்கு உறவு. கால் சறுக்கினால் வழு. நன்னூல் திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று ஏழு வழுக்களைச் சொல்கிறது. அதோடு நிற்பதில்லை. பசுவைப் பார்த்து ஒருவன் "என் அம்மை வந்தாள்" என்றால் அஃறிணை உயர்திணையாகிவிட்டது, கண்டிப்பாகப் பிழை. ஆனால் மகிழ்ச்சியில் சொன்னான் என்பதால் இலக்கணம் அதை ஏற்றுக்கொள்கிறது. அதற்குப் பெயர் வழுவமைதி. விலகலுக்கு ஒரு பெயர், காரணத்தோடு வந்த விலகலுக்கு இன்னொரு பெயர். இந்த இரண்டாவது வகைக்கு 'அப்நார்மல்' என்ற சொல்லில் இடம் கிடையாது. இப்போது கணினித் தமிழில் நிரலில் வரும் 'பக்'குக்கும் வழு என்ற பெயர் புழங்குகிறது. நல்ல தேர்வு.

அன்றாடப் பேச்சுக்கு இவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. 'வழக்கத்துக்கு மாறாக', 'இயல்புக்கு மாறாக' என்பவை எங்கும் பொருந்தும். வண்டிப் பட்டறையில் "சத்தம் வேற மாதிரி வருதே" என்பார் மெக்கானிக். அதுவும் அதே சொல்தான்.

அக்கா மறுவாரம் வந்தார். டாக்டர் தாளைப் பார்த்துவிட்டு, "கொஞ்சம் கூட இருக்கு, மூணு மாசம் கழிச்சு மறுபடி பாப்போம்" என்றாராம்.