மீடியன்: இடைநிலையா, இடையமா?

சாலையின் இருபுறப் போக்குவரத்தைப் பிரிக்கும் தடுப்பை நம் செய்தித்தாள்கள் ‘சென்டர் மீடியன்’ என்கின்றன. ‘நடுசென்டர்’ போல இதுவும் ஒரே பொருளை இரண்டு முறை சொல்வதுதான். அமெரிக்கப் புள்ளிவிவரங்களில் வரும் ‘மீடியன் ஹவுஸ்ஹோல்ட் இன்கம்’ என்பதிலும் அதே மீடியன்தான் இருக்கிறது. நடு என்று பொருள்படும் ‘மீடியஸ்’ என்ற லத்தீன் சொல் அதற்கு வேர். 1843இல் பிரெஞ்சுக் கணிதவியலாளர் கூர்னோ பிரெஞ்சில் இதைப் புள்ளியியல் சொல்லாகக் கையாண்டார். ஆங்கிலத்தில் 1881இல் ஆங்கிலேய அறிஞர் பிரான்சிஸ் கால்டன் கையாண்டார்.

இதைச் ‘சராசரி’ என்று பெயர்ப்பது வெறும் சொற்பிழை அல்ல, கணக்கையே மாற்றிவிடும். ஐந்து வீடுகளின் ஆண்டு வருமானம் 30,000, 38,000, 45,000, 52,000, 4,00,000 டாலர் என்று வையுங்கள். சராசரி 1,13,000 டாலர். நான்கு வீடுகள் அதற்கு வெகு கீழே. வரிசையின் நடுவில் நிற்பது 45,000. அதுதான் மீடியன். ஆள் குறைந்த கிராமப்புறத்தில் ஒரே ஒரு பெரும் பண்ணையார் சராசரியைத் தூக்கிவிடுவார்; மீடியனை அவரால் அசைக்க முடியாது.

தமிழ்நாட்டுப் பாடநூல்களில் இது ‘இடைநிலை அளவு’. இலங்கைப் பாடநூல்களில் ‘இடையம்’. முதற்சொல்லில் பிழை இல்லை. ஆனால் தலைப்பில் ‘அளவு’ உதிர்ந்து ‘இடைநிலை வருமானம்’ என்று நின்றால், இடைநிலை ஆசிரியர் என்பதுபோல ஒரு படிநிலையாகி, நடுத்தர வர்க்கத்தின் வருமானம் என்றே படிக்கப்படும். இடையத்துக்கு அந்தக் குழப்பம் இல்லை. இடை என்ற வேரும் கண்ணுக்குத் தெரிகிறது. நான் இடையத்தின் பக்கம்.

‘ஹவுஸ்ஹோல்ட்’ குடும்பம் அல்ல. அமெரிக்கக் கணக்கில் ஒரு வீட்டில் குடியிருக்கும் அனைவரும் சேர்ந்து ஒரு ஹவுஸ்ஹோல்ட், உறவினராக இல்லாவிட்டாலும். தனியே வாழும் மூதாட்டியும் ஒரு ஹவுஸ்ஹோல்ட். ஆனால் அவர் ‘ஃபேமிலி’ கணக்கில் வரமாட்டார். இதற்குக் குடித்தனம் என்பதே பொருத்தம். ஆக, முழுத் தொடர் ‘குடித்தன வருமான இடையம்’. அமெரிக்க மாநிலங்களின் உட்பிரிவான கவுன்ட்டியை மாவட்டம் ஆக்காமல் அப்படியே விடலாம்: டெக்சஸின் லவிங் கவுன்ட்டியில் 2020 கணக்கெடுப்பின்படி 64 பேர்தான்.

இத்தகைய இடத்தின் இடையத்தைக் காலவரிசையில் கட்டுவது எளிதல்ல. 2000 வரை, பத்தாண்டுக் கணக்கெடுப்பில் கூடுதல் கேள்விகள் கொண்ட நீண்ட படிவம் ஒரு பகுதி வீடுகளுக்கு மட்டும் போனது. அதில் கேட்டது முந்தைய ஆண்டின் வருமானம். 2000 கணக்கெடுப்பின் தொகை 1999க்கு உரியது. பின்னர் வந்த, ஒரு பகுதி வீடுகளை மட்டும் கேட்கும் ‘அமெரிக்கன் கம்யூனிட்டி சர்வே’, 20,000 பேருக்குக் குறைந்த கவுன்ட்டிகளுக்கு ஐந்தாண்டுத் தொகுப்பாகவே இடையத்தைத் தருகிறது. 2010–14ஐ 2011–15உடன் ஒப்பிட்டால் நான்கு ஆண்டுகள் இரண்டிலும் இருக்கும்; மாற்றம் மறைந்துபோகும். 2010–14க்கு 2015–19ஐயே எடுக்க வேண்டும்.

முதலாவது தொகுப்பில் 47,000 (பிழை எல்லை ±6,000; எல்லாரையும் கேட்காததால் உண்மை எண் அவ்வளவு கூடவோ குறையவோ இருக்கலாம்), அடுத்ததில் 52,000 (±5,000) என்று கொள்வோம். 5,000 டாலர் உயர்வு என்று எழுதிவிடத் தோன்றும். பொறுங்கள். முதல் தொகை 2014 டாலரில், அடுத்தது 2019 டாலரில். விலைவாசி உயர்வுக்கு ஏறத்தாழ 1.08ஆல் பெருக்கினால் 47,000 என்பது 50,760 ஆகிறது. அதன் பிழை எல்லையும் 6,480 ஆகிறது. மிஞ்சுவது 1,240 டாலர். இனி 6,480, 5,000 இரண்டின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 8,200. வித்தியாசம் அதற்குள் அடங்கிவிடுவதால், வருமானம் உயர்ந்ததென்றோ தாழ்ந்ததென்றோ சொல்ல இடமில்லை.

ஆண்டுதோறும் எண் வேண்டுமென்றால் அமெரிக்கக் கணக்கெடுப்புத் துறையான சென்சஸ் பீரோவின் ‘செய்ப்’ (SAIPE: சிறு பகுதிகளின் வருமான, வறுமை மதிப்பீடு) உண்டு. அது சர்வே விடையை வரிக் கணக்குகள், உணவு உதவிப் பதிவுகள் முதலியவற்றிலிருந்து கட்டிய கணித மாதிரியோடு (மாடல்) கலக்கிறது. சர்வே விடை எவ்வளவு ஆட்டம் காண்கிறதோ அவ்வளவுக்கு மாதிரியின் பக்கம் சாய்கிறது. 2005இல் அதன் அடிப்படைச் சர்வே மாறியதால், 2004க்கும் 2005க்கும் இடையே கோட்டை முறித்து வரைவதே நேர்மை.

இரண்டு கவுன்ட்டிகளைச் சேர்த்துப் பார்க்கும்போது இரு இடையங்களைக் கூட்டி இரண்டால் வகுக்கக் கூடாது. வருமானப் பிரிவு வாரியான குடித்தன எண்ணிக்கைகளைக் கூட்டி நடுவைத் தேட வேண்டும். மொத்தம் 1,000 குடித்தனம். 45,000க்குக் கீழே 460. 45,000–49,999 பிரிவில் 100 என்றால், 500ஐத் தொட இன்னும் 40 வேண்டும். 100இல் 40, அதாவது 5,000 டாலர் அகலத்தில் 2,000. இடையம் 47,000.